ரெண்டு பாட்டுக்கு நடுவில இருந்த கதை

போன மாசம் கெல்சென்கிர்ச்சனில ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். எனக்குப் பக்கத்துக் கதிரையில மியூனிக்கில இருந்து வந்த ஒரு தம்பி இருந்தார். இந்தியாத் தமிழ்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. நான் ஒலிக் காப்பகத்தில வேலை செய்து ஓய்வு எடுத்தவ எண்டு ஆரோ சொல்லியிருக்கினம். போனைத் தூக்கிக் காட்டினார்.

"ஆன்ட்டி, இந்த ஆப் பாருங்க. பழைய ரெக்கார்டிங்கை அப்லோட் பண்ணினா போதும், பாட்டு மட்டும் கிளீனா வரும். தேவையில்லாததை எல்லாம் அதுவே தூக்கிடும்."

"தேவையில்லாதது எது எண்டு ஆர் தம்பி முடிவெடுக்கிறது?"

"அதுவே கண்டுபிடிச்சிடும் ஆன்ட்டி. நீங்க எதுவும் பண்ண வேண்டாம்."

எனக்கு விசர் வந்திட்டுது. கையில ரோல்ஸ் தட்டோட எழும்பி அந்தப் பிள்ளையை வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டன். பாவம், முழிச்சுக்கொண்டு இருந்தார். என்ர மனுசன் வந்து, "என்னப்பா, ஆரோ செய்ததுக்கு உவரோட ஏன் பாயுறாய்?" எண்டு இழுத்துக்கொண்டு போனார். அவர் சொன்னது சரி. ஆனா அந்த "ஆரோ" செய்ததை நான் இன்னும் ஒருத்தருக்கும் முழுசாச் சொல்லேல்லை. இப்ப சொல்லுறன்.

நான் ஜேர்மனிக்கு வரேக்க கையில ஒரு தொழிலும் இல்லை. அகதி முகாமில இருந்து, பாஷை படிச்சு, றேடியோ, ரிவி திருத்துற அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, செய்தன். வகுப்பில பொம்பிளை எண்டு நான் மட்டும்தான். முதல் நாள் பட்டறைக்காரர் என்னைக் கண்டிட்டு, கூட்டுறதுக்கு வந்தனீங்களோ எண்டு கேட்டார். இல்லை, உங்கட ரிவியளைத் திருத்த வந்தனான் எண்டன். பேந்து கொஞ்சக் காலம் ஒரு கடையில வேலை. சனம் ரிவியைத் திருத்துறதை விட்டிட்டு எறியத் தொடங்க, கடையும் பூட்டியாச்சு. பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில ஒரு ஒலிக் காப்பகம் இருந்தது. பழைய ஒலிநாடா மெசின்களைத் திருத்தத் தெரிஞ்ச ஆள் தேவை எண்டு விளம்பரம் வந்தது. போனன், எடுத்தினம், ஓய்வு வரைக்கும் அங்கைதான் இருந்தன்.

வேலை இதுதான். ஊர் உலகமெல்லாம் ஆராய்ச்சிக்குப் போனவையள் பழைய நாடாக்களைக் கொண்டுவந்து தருவினம். நாங்கள் அதைக் கம்ப்யூட்டருக்கு மாத்தி வைக்கிறது. சொல்லக்கேக்க லேசு. நாடா வந்த உடன மெசினில போடக் கூடாது. எங்கட அறையின்ர சூட்டுக்கும் ஈரத்துக்கும் அது பழக வேணும், ஒரு நாளாவது சும்மா கிடக்கட்டும் எண்டு விடுவன். பேந்து பெட்டியைத் திறந்து மணந்து பாப்பன். வினாகிரியின்ர புளிச்ச மணம் வந்தால் நாடா உக்கத் தொடங்கியிட்டுது எண்டு அர்த்தம். அப்பிடியான நாடாவை ஒருதரம்தான் ஓட விடலாம். அந்த ஒருதரத்தில அது தன்ர மண்ணிற மாவைக் கொட்டிக்கொண்டே ஓடும். அந்த மாவிலதான் குரல் இருக்கு. மெசினின்ர தலையை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, ஒவ்வொரு நாடாவுக்கும் ஏத்த மாதிரி அந்தத் தலையின்ர சரிவைக் காதால கேட்டுத் திருப்பி, ஓட விட்டால் நடுவில நிப்பாட்டவே கூடாது. இருமல் வந்தாலும், கதிரை இழுபட்டாலும், நாய் குலைச்சாலும், நாடாவில என்ன இருக்கோ அது அப்பிடியே ஏற வேணும். அழகுபடுத்துறது எல்லாம் பேந்து, வேற பிரதியில. இதுதான் எங்கட தொழிலின்ர முதல் சட்டம். எனக்குப் பிறகு வந்த பிள்ளையளுக்கும் நான் இதைத்தான் முதல் சொல்லிக் குடுத்தனான்.

எங்களுக்குப் பொறுப்பா இருந்தவர் டொக்டர் ஃபால்க். அவரை நான் பத்து வார்த்தையில திட்டிப்போட்டுப் போகலாம், ஆனா அப்பிடிச் செய்தால் உங்களுக்கு ஆள் விளங்காது. ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். என்ர அறைக்குள்ள வர மாட்டார், வாசல் நிலையில சாய்ஞ்சு நிண்டு கோப்பி குடிப்பார். எதையும் "நான்" எண்டு சொல்ல மாட்டார், "நாங்கள்" எண்டுதான் சொல்லுவார். "நாங்கள் இதை இண்டைக்கு முடிக்கப் பாப்பம், என்ன?" முடிக்கிறது நான், பாக்கிறது அவர். பிழை வந்தால் மட்டும் அந்த "நாங்கள்" மெல்ல "நீங்கள்" ஆகும். ஒருக்கா அவரின்ர சொல்லுக் கேட்டு ஒரு மெசினை வித்தம். பேந்து அது தேவைப்பட்டபோது, என்னைத் திருமதி எண்டு மரியாதையாக் கூப்பிட்டு, "ஃபிரௌ செல்வராஜா, நீங்கள் அதை ஏன் போக விட்டனீங்கள்?" எண்டு கேட்டார், சிரிச்சுக்கொண்டு. அந்தச் சிரிப்புக்கு எனக்கு ஜேர்மன் பாஷையில பதில் தெரியாது. தமிழில தெரியும், எழுதினால் அச்சில போட மாட்டினம்.

இப்ப கதைக்கு வாறன்.

ஒருநாள் எலேனா எண்டு ஒரு பொம்பிளை தன்ர தாயைக் கூட்டிக்கொண்டு வந்தா. எலேனாவுக்கு வயோதிபர் இல்லத்தில வேலை. தாயின்ர பேர் வர்வரா. ரெண்டு பேருமாச் சேர்ந்து ஊறுகாய் போடுற பெரிய எனாமல் பானை ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்தினம். மூடியைச் சுத்தி மெழுகு. நான் சாப்பாடாக்கும் எண்டு நினைச்சன். உடைச்சுத் திறந்தால் உள்ளுக்குள்ள ஒலிநாடாப் பெட்டியள், ஒவ்வொண்டும் துணியில சுத்தி. ஈரம் படாமல் இருக்க அவவுக்குத் தெரிஞ்ச வழி அது. படிச்ச ஆராய்ச்சியாளர்கள் காரின்ர டிக்கியில போட்டு வேக வைச்சுக் கொண்டுவந்த நாடாக்களை நான் கண்டனான். அந்தப் பானைக்கு நான் மனசுக்குள்ள கும்பிட்டன்.

அவை ககவுஸ் சனம். மொல்டாவியாவின்ர தெற்குப் பக்கத்தில இருக்கினம். துருக்கிப் பாஷைக்குச் சொந்தக்காரப் பாஷை பேசுவினம், ஆனா கோயிலுக்குப் போனால் சிலுவை போடுற கிறிஸ்தவர்கள். கெல்சென்கிர்ச்சனில துருக்கிக் கடையளில சாமான் வாங்கி வாங்கி எனக்குக் கொஞ்சம் துருக்கி விளங்கும். வர்வரா வாய் திறக்க, பாதி எனக்குப் பிடிபட்டது. மிச்சத்தை எலேனா சொன்னா. அவையின்ர பாஷையில அக்காவுக்குக் காக்கு எண்டு சொல்லுறது. நான் அண்டையில இருந்து அவவை வர்வரா காக்கு எண்டுதான் கூப்பிட்டனான்.

காக்கு ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூட ரீச்சர். சோவியத் காலம். ககவுஸ் பாஷையை வகுப்பில கொஞ்சக் காலம் படிப்பிக்க விட்டவையாம், பேந்து நிப்பாட்டிப்போட்டினம். ரஷ்யனில படிப்பிச்சுப்போட்டு வீட்டை வந்து தன்ர பாஷையில பிள்ளைக்குச் சோறு தீத்தினவ இவ. சனத்தின்ர பேச்சைப் பதிஞ்சு வைக்க வேணும் எண்டு அவவுக்கு ஆசை. ஊர்க் கழகத்தில ஒரு ஒலிப்பதிவு மெசின் இருந்தது. ஆனா அதைக் குடுக்கிற அதிகாரி பாட்டுப் பதியத்தான் குடுப்பார். நாட்டுப்பாட்டு எண்டால் விருப்பம், மேடையில போடலாம். கிழவியள் இருந்து ஊர்க்கதை கதைக்கிறதைப் பதிஞ்சால், என்னத்துக்கு எண்டு கேள்வி வரும். மெசினைத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்கேக்க அந்த ஆள் நாடாவின்ர துவக்கத்தைக் கேப்பார், சில நேரம் கடைசியையும் கேப்பார், கேட்டுப்போட்டு நாடாவை அவவிட்டயே விட்டிடுவார்.

அப்ப காக்கு என்ன செய்தவ தெரியுமோ? முதல் ஒரு பாட்டு. கடைசியில ஒரு பாட்டு. நடுவில கதை. தறியின்ர ஒவ்வொரு துண்டுக்கும் என்ன பேர், செம்மறிக்கு வாற வருத்தங்களுக்கு என்ன பேர், செத்த வீட்டில என்ன சொல்லி அழுறது, மருமகளை எப்பிடி ஏசுறது. ஒரு பாஷையின்ர முழுச் சீவனும் அந்த நடுவில. பாட்டு வாசலில நிக்கிற காவல்காரன் மட்டும்தான். அந்தச் சனத்தின்ர பாஷையைக் காப்பாத்தின பெரிய ஆக்கள் எண்டு எழுத்துக்காரர், கவிஞர் எண்டு பேர் சொல்லுவினம், சொல்லட்டும், அவையும் பாடுபட்டவை தான். ஆனா ஒரு பட்டமும் இல்லாமல், கழகத்து மெசினை இரவல் வாங்கி, இப்பிடி ஒரு சூழ்ச்சி செய்து ஊர் ஊரா நடந்தவவை ஆர் சொல்லுறது?

டொக்டர் ஃபால்க் வாசலில நிண்டு கேட்டார். "பாட்டுக்கள், அப்பிடியோ? அருமை. நாங்கள் பாட்டுக்குத்தான் நிதி எடுத்திருக்கிறம்."

"பாட்டும் இருக்கு. ஆனா விசயம் நடுவில இருக்கு" எண்டு நான் சொன்னன்.

"பாப்பம், ஃபிரௌ செல்வராஜா. நாங்கள் பாப்பம்."

காக்கு தொடர்ந்து வந்தா. நாடா ஓடேக்க பக்கத்தில இருந்து, ஆர் கதைக்கினம், எந்த ஊர் எண்டு சொல்லுவா. ஒரு நவம்பரில வந்தவ, வந்ததும் என்ர மேசையில கிடந்த கத்திரிக்கோலைக் கண்டிட்டா. அது ஓநாய் நாட்களாம். அந்த நாட்களில பொம்பிளையள் கத்திரிக்கோல் திறக்கக் கூடாது, திறந்தால் ஓநாயின்ர வாயும் திறந்திடும், ஆட்டையும் ஆளையும் பிடிச்சிடும். தன்ர பையில இருந்து சிவப்பு நூல் எடுத்து என்ர கத்திரிக்கோலை இறுக்கிக் கட்டிப்போட்டா. "இந்தக் கிழமை வெட்டு வேலை இல்லை" எண்டா. எனக்குச் சிரிப்பு. நானும் சரி காக்கு எண்டு விட்டிட்டன்.

டொக்டர் ஃபால்க் அதைக் கேள்விப்பட்டு அண்டைக்குத்தான் முதல் முதலா என்ர அறைக்குள்ள கால் வைச்சார். கையில கமரா. கத்திரிக்கோலைப் படம் எடுத்தார், நூலோட காக்குவின்ர கையைப் படம் எடுத்தார். முகத்தை எடுக்கேல்லை. "இதுதான் கலாசாரம்!" எண்டு சந்தோசப்பட்டார். அந்தப் படம் காப்பகத்தின்ர சிறுநூலில வந்தது, கீழ "ககவுஸ் பெண்ணின் கை" எண்டு. பேர் இல்லை. காக்கு அதைப் பாத்திட்டு, "என்ர கைக்கு மட்டும் கதைக்கத் தெரியும் போல" எண்டு சொல்லி எலேனாவைப் பாத்தா.

ஒரு நாடாவை மட்டும் காக்கு என்னட்டைத் தராமல் பானையிலேயே வைச்சிருந்தா. கடைசியாத்தான் தந்தா. அதில அவவின்ர தாய் இருக்கிறா. ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்ச கையோட அந்த நாட்டில ஒரு பஞ்சம் வந்தது. வரட்சி ஒரு பக்கம், இருந்த தானியத்தையும் அரசாங்கம் வீடு வீடா அள்ளிக்கொண்டு போனது இன்னொரு பக்கம். சனம் கொத்துக் கொத்தாச் செத்தது. அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாத காலம் அது. அந்தத் தாய் தன்ர வாழ்நாளில ஒரே ஒருக்காத்தான் வாய் திறந்தவ, மகள் பதிஞ்சவ. பேந்து தாய் செத்துப்போனா. தாயின்ர குரல் வேற எங்கையும் இல்லை. காக்குவிட்ட மெசின் இல்லாததால அவவே அதைத் திரும்பக் கேட்டதில்லை.

"நான் பக்கத்தில இருக்கேக்க போடு. எனக்கு அம்மாவைக் கேக்க வேணும்" எண்டா.

பெட்டியைத் திறந்தன். வினாகிரி மணம் குப்பெண்டு அடிச்சது.

"ஓம் காக்கு. நீங்கள் இருக்கேக்கதான் போடுவன். ஒருதரம்தான் ஓடும். அந்த ஒருதரம் உங்களோட" எண்டன். பெட்டிக்கு மேல பெரிசா எழுதியும் ஒட்டினன்: தொட வேண்டாம், நான் மட்டும்.

அதுக்கிடையில கனடாவில அண்ணையின்ர மகளுக்குக் கலியாணம். லீவு எடுத்துக்கொண்டு போனன். திரும்பி வந்து அறைக்குள்ள போக, என்ர மெசினின்ர தலையில மண்ணிற மா அப்பிக் கிடந்தது. கீழ மேசையிலயும் மா. பக்கத்தில காக்குவின்ர அம்மாவின்ர பெட்டி திறந்து கிடந்தது. நான் ஒட்டின கடுதாசியை மடிச்சு மெசினுக்கு அடியில முண்டு குடுத்து வைச்சிருந்தது.

நேர டொக்டர் ஃபால்க்கின்ர அறைக்குப் போனன். கதவும் தட்டேல்லை.

"ஆர் அந்த நாடாவைப் போட்டது?"

"ஆ, வந்திட்டீங்களோ! நல்ல செய்தி. நிதி குடுக்கிறவைக்கு அறிக்கை குடுக்க வேண்டியிருந்தது. நானே இருந்து முடிச்சன்." அண்டைக்குத்தான் அவர் "நான்" எண்டு சொல்லிக் கேட்டன். "அந்த முதல் பாட்டு என்ன குரல்! கடைசிப் பாட்டும் பரவாயில்லை. ரெண்டும் வடிவா ஏறியிருக்கு."

"நடு?"

"நடுவில பாட்டு இல்லைத்தானே. ரெண்டு கிழவியள் கதைக்கினம். அதால நான் வேகமா ஓட விட்டு மற்றப் பாட்டுக்குப் போனன். ரெண்டு மூண்டு இடத்தில அறுந்தது, ஒட்டிப்போட்டன்."

விளங்குதோ உங்களுக்கு? ஒருதரம் மட்டும் ஓடக்கூடிய நாடாவை இந்த மனுசன் முழு வேகத்தில ஓட விட்டு, சடாரெண்டு பிரேக் போட்டு, அறுத்து, ஒட்டி, திரும்ப ஓட விட்டிருக்கிறார். குரல் இருந்த மா எல்லாம் மேசையில கொட்டுண்டு கிடக்குது. நான் லீவில போகேக்க அவர் சொன்ன வார்த்தை, "கவலைப்படாமல் போட்டு வாங்கோ." நாசமாப் போக!

நான் அண்டைக்குக் கத்தின கத்தில மேல் மாடியில இருந்து ஆக்கள் இறங்கி வந்தினம். ஜேர்மனில தொடங்கித் தமிழில முடிச்சன். "அந்த நாட்டில பாட்டை மட்டும் கேட்டுப்போட்டு விடுற அதிகாரியை ஏமாத்தத்தான் அவ அப்பிடிப் பதிஞ்சவ! அவங்களாலயே அழிக்க ஏலாமல் போனதை நீங்கள் ஒரு பின்னேரத்தில அழிச்சுப்போட்டீங்களே, படுபாவி!" அவர் கோப்பிக் கோப்பையைப் பிடிச்சுக்கொண்டு, "ஃபிரௌ செல்வராஜா, நாங்கள் அமைதியாக் கதைப்பம்" எண்டார். அடுத்த கிழமை எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேலதிகாரியை அவமதிச்சதாம். கையெழுத்துப் போட மாட்டன் எண்டு திருப்பி அனுப்பினன்.

ஆனா அதை விடக் கஷ்டம் காக்குவுக்குச் சொல்லுறது. எலேனாவோட வந்து என்ர கதிரைக்குப் பக்கத்தில இருந்தா. நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்திருந்தா, தாயைப் பாக்க வாற மாதிரி. சொன்னன், ஒளிக்கேல்லை. அவ அழேல்லை. கையை மடியில வைச்சுக்கொண்டு, "மிச்சம் ஏதும் இருக்கோ?" எண்டு மட்டும் கேட்டா.

நான் அந்த நாடாவைத் திரும்ப எடுத்தன். அவர் ஒட்டின ஒட்டை எல்லாம் கழட்டி, மெசினின்ர மோட்டரை நிப்பாட்டிப்போட்டு, சக்கரத்தைக் கையால உருட்டினன். வெறும் சரசரப்பு. இன்னும் மெல்ல உருட்டினன். கனக்க நேரம் ஒண்டும் இல்லை. திடீரெண்டு ஒரு கிழவியின்ர குரல், கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி. எலேனா வாயைப் பொத்தினா. காக்கு எழும்பி நிண்டா.

"என்ன சொல்லுறா?" எண்டு கேட்டன்.

"'சன்னலைச் சாத்து, பேந்து சொல்லுறன்' எண்டு அம்மா சொல்லுறா" எண்டா காக்கு.

அவ்வளவுதான். அதுக்குப் பிறகு நாடாவில ஒண்டும் இல்லை, பிளாஸ்டிக் மட்டும். நான் கடைசி வரைக்கும் உருட்டினன், திரும்ப உருட்டினன், அழுதுகொண்டு உருட்டினன். எங்கட ஊரிலயும் யுத்தம் நடக்கேக்க சன்னல் சாத்திப்போட்டுக் கதைச்ச காலம் ஒண்டு இருந்தது. அந்தச் சத்தம் எனக்கு விளங்கும். அதுக்குப் பிறகு வாற கதைதான் கதை. அது போச்சு.

காக்கு என்ர கையைப் பிடிச்சு, "மைக்கைப் போடு. அம்மா சொன்னது எனக்குத் தெரியும். நான் சொல்லுறன்" எண்டா. சொன்னா. தாய் எந்த இடத்தில நிப்பாட்டினவ, எந்த இடத்தில தண்ணி குடிச்சவ எண்டது மட்டும் மறக்காமல் சொன்னா. நான் பதிஞ்சன். அதில என்ன இருக்கு எண்டதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுறன்.

அந்தப் பதிவைக் காப்பகத்தில சேக்கச் சொல்லிக் குடுத்தன். டொக்டர் ஃபால்க் வாசலில நிண்டு தலையை ஆட்டினார். "இது மூலப் பதிவு இல்லை. ஞாபகத்தில இருந்து சொன்னது. நாங்கள் சேக்க ஏலாது." மூலத்தை அழிச்ச மனுசன், மூலம் இல்லை எண்டு சொல்லுறார்! எனக்கு அந்தக் கோப்பியைப் பறிச்சு ஊத்த வேணும் போல இருந்தது. ஊத்தேல்லை. பல்லைக் கடிச்சுக்கொண்டு போய் என்ர கதிரையில இருந்து, பானையில மிச்சமிருந்த ஒவ்வொரு நாடாவையும் துவக்கத்தில இருந்து முடிவு மட்டும், ஒரு நொடியும் விடாமல் ஏத்தினன். "நாங்கள் பாட்டு மட்டும்தானே..." எண்டு அவர் தொடங்க, நான் கதவைச் சாத்தினன். எல்லாத்துக்கும் பிரதி எடுத்து எலேனாவிட்டக் குடுத்தன். நாடாவைக் குடுத்தவைக்குப் பிரதி குடுக்கலாம் எண்டு சட்டம் இருக்கு. இப்ப அங்க ஊரில இளம் ரீச்சர்மார் அந்த நடுக் கதையளைப் போட்டுத்தான் பிள்ளையளுக்குப் பாஷை படிப்பிக்கினமாம். ஒரு பெட்டையின்ர கையெழுத்தில தறியின்ர துண்டுகளுக்கெல்லாம் பேர் எழுதின படம் ஒண்டு எலேனாவுக்கு வந்தது, எனக்கும் காட்டினா. அதைப் பாத்துத்தான் நான் கொஞ்சம் ஆறினன்.

காக்கு ரெண்டு வரியத்தால வருத்தமாகிப் படுத்தா. பாக்கப் போனன். "அம்மா சொன்னதை நான் உயிரோட இருக்கு மட்டும் வெளியில விடாதை. அதில வாற ஆளின்ர பிள்ளையள் ஊரில இருக்கினம், என்ர சொந்தங்களோட கொண்டாட்டம் வைச்சுச் சாப்பிடுகினம். நான் போனாப் பிறகு சொல்லு. ஒளிக்காமல் சொல்லு" எண்டா. அவ செத்த வீட்டுக்குப் போய் நிண்டன். அதுக்குப் பிறகு எனக்கு ஓய்வு வாற நாளும் வந்திட்டுது.

பிரியாவிடைக்குக் காப்பகத்தில கேக் வெட்டினம். எலேனாவையும் கூப்பிட்டிருந்தன். எல்லாரும் தட்டும் கையுமா நிக்க, டொக்டர் ஃபால்க் பேசினார். நாங்கள் சேர்ந்து எவ்வளவு காப்பாத்தினம் எண்டு பேசினார். பேசிப்போட்டு எனக்கு ஒரு பரிசு எண்டு சொல்லி ஒரு இசைத்தட்டைத் தூக்கிக் காட்டினார். ககவுஸ் பாட்டுக்கள். இரைச்சல் எல்லாம் நீக்கி, புத்தம் புதுசு மாதிரி. "முதல் பாட்டு இலியா எண்ட ஒரு விவசாயியின்ர குரல். இப்பிடியான ஆக்கள்தான் ஒரு அழியிற பாஷையைக் காப்பாத்தினவை" எண்டு சொல்லி அதைப் போட்டார்.

அந்தக் குரல் அறை முழுக்க நிரம்பினது. உண்மையைச் சொல்லுறன், அருமையான குரல். எலேனாவின்ர முகத்தைப் பாத்தன். சுண்ணாம்பு மாதிரி வெளிறிக் கிடந்தது.

எனக்கு இதுக்கு மேல பொறுக்க ஏலாமல் போச்சு.

"பாட்டை நிப்பாட்டுங்கோ. இந்த இலியா ஆர் எண்டு நான் சொல்லுறன்" எண்டன்.

சிரிச்சினம். பகிடி விடப் போறா எண்டு நினைச்சினமாக்கும். ஆரோ நிப்பாட்டினம். நான் சொன்னன், காக்குவின்ர தாய் சொன்னபடி.

பஞ்ச வரியம் தானியம் எடுக்க ஆக்கள் வந்தவை. மெத்தைக்குக் கீழ, அடுப்புக்குப் பின்னால, முகட்டில எண்டு எல்லா இடமும் விளக்குமாறு போட்டுக் கூட்டினவை. விளக்குமாறு பிடிச்சது மதிலுக்கு அங்கால இருந்த இலியா, அப்ப இளந்தாரி. சின்னனில அந்த வீட்டில விளையாடின ஆள், எங்க என்ன இருக்கும் எண்டு தெரியும். தாய் ஒரு கைப்பிடி கோதுமையைத் துணியில முடிஞ்சு, கைக்குழந்தை வர்வராவின்ர முதுகுக்குக் கீழ சுத்திக் கட்டியிருந்தா. வந்த அதிகாரி குழந்தையைத் தொடேல்லை. இலியாதான் கிட்ட வந்து, குழந்தைக்குக் கீழ கையை விட்டு, அந்த முடிச்சை எடுத்தவன். தாயின்ர கண்ணைப் பாத்துக்கொண்டு எடுத்தவன். அந்தப் பனிக்காலத்துக்குள்ள தாயின்ர மூத்த பொடியன் செத்தான். இலியாவின்ர வீட்டில ரொட்டி சுடுற போறணையில புகை வந்துகொண்டு இருந்தது.

பேந்து இலியா கழகத்தின்ர பாட்டுக்காரன் ஆனான். கலியாணம், கொண்டாட்டம் எல்லாத்திலயும் அவன் பாட்டுத்தான். தாய் எல்லாத்துக்கும் போய், இருந்து கேட்டு, கை தட்டினவ. தட்டாமல் விட்டால் ஆரும் பாப்பினம். மகள் இதைப் பதியேக்க, நாடாவின்ர முதலில இலியாவின்ர பாட்டைப் போட்டா. அவன் குரலில துவங்குற நாடாவை ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டினம் எண்டு. தாய் கதையை முடிக்கேக்க சொன்ன கடைசி வசனம், "ஆனா நல்லாப் பாடுவான். அதை நான் இல்லை எண்டு சொல்ல மாட்டன்."

நான் நிப்பாட்டினன். ஒருத்தரும் கேக்கைத் தொடேல்லை. தட்டை எங்க வைக்கிறது எண்டு தெரியாமல் நிண்டினம்.

டொக்டர் ஃபால்க் இசைத்தட்டின்ர பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். பேந்து, அவரின்ர அந்த மெல்லிய குரலில கேட்டார். "ஃபிரௌ செல்வராஜா, இது... இது முக்கியமான விசயம். நாங்கள் இதை எந்த நாடாவில வைச்சிருக்கிறம்?"

"நீங்கள் ஓட விட்ட நாடாவில" எண்டன்.

எலேனா என்ர கோட்டை எடுத்துத் தந்தா. ரெண்டு பேரும் வெளியில வந்து பஸ்ஸுக்கு நிண்டம். அந்த இசைத்தட்டை இப்பவும் விக்கினம். முதல் பாட்டு இப்பவும் இலியாதான்.